கையில் பிடித்த கதை: வாசகர் கேள்வி, பதில்

சென்ற இதழில் அரக்கோணம் வாசகர் ஒருவர், "கையடக்கக் கருவிகளுக்கு வந்த ஆர்.பி.ஜி. (பாத்திரமேற்று விளையாடும் கதை) ஆட்டங்களில் ஒன்றே ஒன்றை வைத்துக்கொள்ளலாம் என்றால் எதை வைத்துக்கொள்வீர்கள்?" என்று கேட்டிருந்தார். 2001-இல் கேம் பாய் அட்வான்ஸ் கருவிக்கு வந்த 'கோல்டன் சன்' என்று பதில் எழுதியிருந்தேன். அதன்பின் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சண்டைக் கடிதங்கள். மகிழ்ச்சியாக இருக்கிறது. ஒரு பாத்திரத்தை ஏற்று, ஊர் ஊராகப் போய், அவனாகவே நாற்பது, ஐம்பது மணி நேரம் வாழும் ஆட்டத்தைப் பற்றி ஆளுக்கொரு கருத்து இல்லாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். ஒத்துப்போகும் கடிதங்களை ஒதுக்கிவிட்டு, மறுத்து வந்தவற்றுக்கே இந்த மாதம் இடம் கொடுக்கிறேன்.

*

கேள்வி: அண்ணா, உங்கள் பேச்சைக் கேட்டுக் கோல்டன் சன் தொடங்கினேன். மலையிலிருந்து பாறை உருண்டு நாயகன் ஐசக்கின் ஊரில் விழுகிறது, அழுகிறார்கள், பேசுகிறார்கள். கதை மூன்று வருடம் தாண்டிப் போகிறது. அப்போதும் பேசிக்கொண்டேதான் இருக்கிறார்கள். நடுநடுவே ஆமா, இல்லையா என்று நம்மைக் கேட்கிறார்கள். எதைச் சொன்னாலும் கதை மாறவில்லை. என் அறை நண்பர்கள் நால்வரில் மூவர் இதைத் தூக்கிப் போடு என்கிறார்கள். இதையா புகழ்ந்தீர்கள்?
— கல்லூரி மாணவர், ஆம்பூர்

பதில்: தம்பி, பேச்சு நீளம்தான். அந்தப் பேச்சின் நடுவில் நிறுத்திச் சேமிக்கவும் முடியாது. ஆம்பூரில் பஸ் ஏறியவர் பள்ளிகொண்டா தாண்டியும் பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். போகிற இடத்துக்கெல்லாம் எடுத்துப் போவதற்கென்றே செய்த கருவியில் அது பிழை. ஆட்டத்தைச் செய்த கேமலாட் நிறுவனத்தார் அந்த முதல் ஒரு மணி நேரத்தில் கத்தரி வைத்திருக்கலாம்.

ஆனால் பேச்சே குறை என்பதை ஏற்க மாட்டேன். நான் பிறந்தது கண்ணமங்கலத்துக்குப் பக்கத்தில். எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் அக்னி வசந்த விழா வந்தால் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து. கர்ணன் சாகப்போகிறான் என்று தெரியாதவர் அந்தக் கூட்டத்தில் ஒருவரும் இல்லை. என் பாட்டிக்கு அவன் எந்த நாள் போரில், எந்த அம்புக்குச் சாவான் என்பது வரை தெரியும். ஆனாலும் 'கர்ண மோட்சம்' நடக்கும் இரவில் கோரைப்பாயும் வெற்றிலைப் பையும் எடுத்துக்கொண்டு முதல் வரிசைக்குப் போய்விடுவார். கர்ணனும் பொன்னுருவியும் வாதாடுவதைக் கேட்கத்தான். சீக்கிரம் அம்பை விடு என்று யாரும் குரல் கொடுத்து நான் கேட்டதில்லை. முகவீணைக்காரர் மூச்சு வாங்கும் நேரத்தில்கூடக் கூட்டம் அசையாது.

கோல்டன் சன்னில் நீங்கள் இன்னும் ஐவானைச் சந்தித்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். அவன் உங்கள் கூட்டத்தில் சேரும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்தவர் மனத்தைப் படிக்கும் ஆற்றல் அவனுக்கு இருக்கிறது. ஊரில் ஒருவரிடம் முதலில் பேசுங்கள். அடுத்து அவர் மனத்தைப் படியுங்கள். வாய் ஒன்று சொல்லியிருக்கும், மனம் வேறொன்று சொல்லும். சிரித்துக்கொண்டே வரவேற்றவர் எப்போது இவர்கள் கிளம்புவார்கள் என்று நினைத்துக்கொண்டிருப்பார். நம் கூத்தில் இந்த வேலையைச் செய்பவன் கட்டியங்காரன். ராஜா கிரீடமும் புஜக்கட்டையும் மினுங்க வீரம் பேசிக்கொண்டிருக்கும்போதே, பக்கத்தில் நின்று அவர் உள்ளுக்குள் நடுங்குவதைப் போட்டு உடைப்பவன். அந்தக் கட்டியங்காரனை உங்கள் கையில் கொடுத்துவிட்டு, வேண்டிய ஆளிடம் போய்க் கேள் என்று சொல்லும் ஆட்டம் இது. அதனால்தான் அங்கே எல்லோரும் அவ்வளவு பேச வேண்டியிருக்கிறது.

நீங்கள் சொன்ன ஆமா, இல்லையா விஷயத்தில் ஒன்று சொல்கிறேன். முதல் பாகம் முழுக்க ஐசக் அந்த இரண்டு சொற்களுக்கு மேல் வாய் திறக்க மாட்டான். ஏனென்றால் அவன் நீங்கள். 2002-இல் வந்த இரண்டாம் பாகமான 'தி லாஸ்ட் ஏஜ்' ஆட்டத்தில் நீங்கள் ஃபீலிக்ஸ் என்ற வேறொருவன். வெகுதூரம் போன பிறகு ஐசக் எதிரே வருகிறான், வாய் திறந்து பேசுகிறான். அத்தனை நாள் நானாக இருந்தவன் எனக்கு வெளியே நின்று தன் குரலில் பேசியபோது கருவியை மடியில் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்த ஊமைத்தனத்துக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பது அந்த ஓர் இடத்துக்காக.

*

கேள்வி: அதே கோல்டன் சன் பற்றி எழுதும்போது அதன் கடவுச்சொல் கொடுமையை ஏன் மறைத்தீர்கள்? முதல் பாகத்தில் சேர்த்ததை எல்லாம் இரண்டாம் பாகத்துக்குக் கொண்டுபோக 260 எழுத்துகளைத் தட்ட வேண்டும். காசு கொடுத்து வாங்கியவனை இப்படி வதைக்கலாமா?
— கணக்காளர், ராணிப்பேட்டை

பதில்: மறைக்கவில்லை, இடம் போதவில்லை. இரண்டு கருவிகளும் ஒரு கேபிளும் இருந்தால் தட்டாமலே மாற்றிவிடலாம். 260 எழுத்துகள் என்பது எல்லாம் வேண்டும் என்பவருக்கு: பொருள், காசு, நிலை, ஜின் என்று அழைக்கப்படும் அந்தச் சிறு பூதங்கள் அனைத்தும். குறைவாகப் போதும் என்பவருக்குச் சிறிய கடவுச்சொற்களும் உண்டு.

எங்களுக்குக் கேபிள் கிடைக்கவில்லை. கோடு போட்ட நோட்டில் பத்துப் பத்து எழுத்துகளாகப் பிரித்து 26 கட்டங்களில் எழுதினேன். பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண், குறி எல்லாம் கலந்து வரும். கொசப்பேட்டையில் நண்பர் வீட்டு மொட்டைமாடியில் நான் வாசிக்க அவர் தட்டினார். தவறு என்று வந்தது. மறுபடி வாசித்தேன், மறுபடி தவறு. நான்காம் முறை அவர் வாசித்தார், நான் தட்டினேன். பத்தொன்பதாவது கட்டத்தில் ஒரு சிறிய எழுத்தை நான் பெரியதாக எழுதியிருந்தது அப்போதுதான் தெரிந்தது. திருத்தியதும் திறந்துகொண்டது. மாடியில் வெளிச்சம் போயிருந்தது. அட்வான்ஸ் கருவியின் திரைக்குத் தன் விளக்கு கிடையாது. தெருவிளக்குப் பக்கம் சாய்த்துப் பிடித்து, நான் வளர்த்த ஆட்களும் சேர்த்த காசும் வந்து சேர்ந்துவிட்டனவா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம்.

வதை என்று நீங்கள் சொல்வதை மறுக்க என்னிடம் வாதம் இல்லை. அந்த நோட்டு இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

*

கேள்வி: முறை வைத்து அடித்துக்கொள்ளும் சண்டை எந்தக் காலத்துப் பழக்கம்? நீ ஒன்று அடி, பிறகு நான் ஒன்று அடிக்கிறேன் என்று வரிசையில் நிற்பதைப் பார்த்தால் எரிச்சலாக வருகிறது.
— வாசகர், காட்பாடி

பதில்: வேலூரிலிருந்து திருவண்ணாமலை பஸ்ஸில் ஒருமுறை இரண்டு விதத்தையும் விளையாடிப் பாருங்கள். கணியம்பாடியில் நடத்துநர் சில்லறை கேட்பார், போளூரில் பக்கத்தில் ஓர் அம்மா மூட்டையோடு உட்காருவார், ஜன்னலோரம் வெயில் திரும்பும். முறை வைத்த சண்டையில் எதிரி உங்களுக்காகக் காத்திருப்பான். காத்திருக்காத நேரடிச் சண்டையில் நீங்கள் சில்லறை எண்ணி முடிப்பதற்குள் செத்திருப்பீர்கள்.

ஜப்பானிலும் இந்தச் சண்டை நடந்தது. 'டிராகன் குவெஸ்ட்' வரிசையின் ஒன்பதாம் ஆட்டத்தை நின்டென்டோ டி.எஸ். கருவிக்கு 2006-இல் அறிவித்தபோது, முறை வைத்த சண்டையை விட்டு நேரடிச் சண்டையாகக் காட்டினார்கள். அங்கே ரசிகர்கள் கொதித்தார்கள். 2009-இல் ஆட்டம் கைக்கு வந்தபோது முறை வைத்த சண்டை திரும்பியிருந்தது. வீட்டில் பெரிய திரையில் விளையாடுகிறவரானால் உங்கள் எரிச்சல் நியாயம். கையில் வைத்து விளையாடுபவருக்கு அது பொருந்தாது.

*

கேள்வி: என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. அவன் சித்தப்பா கொடுத்த கருவியில் ஏதோ கதை ஆட்டம் விளையாடுகிறான். சாப்பிடக் கூப்பிட்டால் "இரும்மா" என்கிறான். பிடுங்கினால் அழுது ஊரைக் கூட்டுகிறான். சண்டை ஆட்டம், கார் ஆட்டம் விளையாடும் பிள்ளைகள்கூட இப்படி அழுவதில்லை. இது போதை இல்லையா?
— இல்லத்தரசி, வாலாஜாபேட்டை

பதில்: அம்மா, அவன் ஏன் அழுகிறான் என்று சொல்கிறேன், பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள். கார் ஆட்டத்தைப் பிடுங்கினால் ஒரு பந்தயம் போகும், மூன்று நிமிடம். கதை ஆட்டத்தில் கடைசியாகச் சேமித்த இடத்துக்குப் பிறகு செய்ததெல்லாம் போகும். பழைய ஆட்டங்கள் பலவற்றில் நினைத்த இடத்தில் சேமிக்க முடியாது. ஒரு சத்திரமோ கோயிலோ வந்தாக வேண்டும். நீங்கள் பிடுங்கிய அந்த நொடியில் அவன் ஒரு மணி நேர உழைப்பைத் தொலைத்திருக்கலாம். முக்கால்வாசி பின்னிய ஸ்வெட்டரை ஒருவர் வந்து இழுத்துப் பிரித்துவிட்டால் உங்களுக்கு எப்படி இருக்கும்?

ஆகவே 'நிறுத்து' என்பதை விட்டுவிட்டு 'சேமித்துவிட்டு வா' என்று சொல்லுங்கள். எவ்வளவு நேரம் ஆகும் என்று கேளுங்கள். பத்து நிமிடம் என்றால் பத்து நிமிடம் கொடுங்கள். பதினோராம் நிமிடம் கண்டிப்பாக இருங்கள். நான் நடத்தும் விளையாட்டுக் கருவி பழுதுபார்க்கும் கடைக்கு வரும் பிள்ளைகளின் வீடுகளில் இது வேலை செய்கிறது. ஒரு நாளைக்கு இத்தனை நேரம் என்ற வரம்பும் வேண்டும்; அதைக் கைவிடச் சொல்லவில்லை.

இன்னொன்று. சாப்பிடும்போது அந்தக் கதையை உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் படித்ததை அவன் தமிழில் சொல்லியாக வேண்டும் அல்லவா? எனக்கு ஆங்கிலம் வந்த வழியே அதுதான். 1998-இல் மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த சாம்பல் நிறக் கேம் பாயில் தெரியாத சொல் வந்தால் அகராதியைப் புரட்டுவேன். நான்கு பென்சில் பேட்டரி போட வேண்டும், பேட்டரி தீர்வதற்குள் சொல் தெரிந்தாக வேண்டும். அவசரத்தில் கற்றது மறக்கவில்லை.

*

கேள்வி: எனக்கும் என் தம்பிக்கும் 'ஃபயர் எம்பளம்' என்ற போர் ஆட்ட வரிசை பற்றித் தீராத சண்டை. ஓர் ஆள் போரில் செத்தால் திரும்பி வரவே கூடாது, அதுதான் அந்த ஆட்டத்தின் உயிர் என்கிறேன் நான். அடுத்த போரில் திரும்பி வரட்டும் என்று வைத்து விளையாடுகிறான் அவன். அது விளையாட்டே இல்லை என்றேன். இரண்டு நாளாகப் பேசவில்லை. தீர்ப்பு சொல்லுங்கள்.
— அண்ணன், குடியாத்தம்

பதில்: முதலில் தம்பியிடம் பேசுங்கள்.

உங்கள் பக்கம்தான் என் கையும் போகும். செத்தவர் திரும்பி வராததால்தான் ஒவ்வோர் அடியையும் யோசித்து வைக்கிறோம். பாலாற்று மணலில் கூத்து பார்த்து வளர்ந்தவனுக்கு அபிமன்யு மறுநாள் எழுந்து வந்தால் ஏற்க முடியாது. ஆனால் உங்களையே கேட்கிறேன்: ஓர் ஆள் செத்ததும் கருவியை அணைத்து, முதலிலிருந்து அந்தப் போரைத் தொடங்கியதில்லையா? நான் தொடங்கியிருக்கிறேன், கணக்கில்லாமல். அப்படிச் செய்பவர் தம்பியைவிடக் கண்டிப்பானவர் ஆக முடியாது. அவனும் சாவைத் திருப்பி எடுக்கிறான், நாமும் எடுக்கிறோம். அவனுக்கு நேரம் மிச்சம்.

2012-இல் ஜப்பானில் 'ஃபயர் எம்பளம்' வரிசையின் 'அவேக்கனிங்' ஆட்டம் நின்டென்டோ 3 டி.எஸ். கருவிக்கு வந்தபோது, அது சரியாக விற்காவிட்டால் அந்த வரிசையே முடிந்துவிடும் நிலை இருந்ததாக அதை உருவாக்கியவர்களே பின்னர் சொன்னார்கள். இரண்டு வழிகளையும் அதில் வைத்தார்கள். தம்பியைப் போன்றவர்கள் ஏராளமாக வந்து சேர்ந்தார்கள், வரிசை பிழைத்தது. நீங்கள் இன்று உங்கள் வழியில் விளையாடும் புதிய ஆட்டங்கள் தம்பிமார்கள் வாங்கியதால் வந்தவை.

*

கேள்வி: என் அண்ணனின் 'போக்கிமான் கோல்ட்' கேசட் வீட்டில் இருக்கிறது. அண்ணன் வெளிநாடு போய்ப் பல வருடம் ஆகிறது. அவன் சேமித்தது இன்னும் திறக்கிறது. பேட்டரி மாற்றிவிடுங்கள் என்று கடையில் கொடுக்கலாமா?
— வாசகி, ஆற்காடு

பதில்: கொடுக்காதீர்கள் சகோதரி, முதலில் இதைப் படியுங்கள். அந்த வரிசையில் 'கோல்ட்', 'சில்வர்' இரண்டும் ஜப்பானில் 1999-இல் வந்தவை. ஆட்டத்துக்குள் பகல், இரவு மாறும். அதற்கான கடிகாரமும் உங்கள் அண்ணனின் சேமிப்பும் ஒரே பொத்தான் பேட்டரியின் மின்சாரத்தில்தான் உயிர் வாழ்கின்றன. கருவியிலிருந்து கேசட்டை எடுத்துவிட்டாலும் உள்ளே அந்தக் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும், ஆகவே மற்றக் கேசட்டுகளைவிடச் சீக்கிரம் தீரும். உங்களுடையது இன்னும் திறக்கிறது என்றால் யாரோ ஒருமுறை மாற்றியிருக்க வேண்டும், அல்லது நல்ல பேட்டரி. எப்படியானாலும் அதை எடுத்த நொடியில் சேமிப்பு அழிந்துவிடும். புதியதை எவ்வளவு வேகமாக வைத்தாலும் பயனில்லை.

செய்ய வேண்டியது இது. கேசட்டைப் படிக்கும் சிறிய கருவி ஒன்று இருக்கிறது, கணினியோடு இணைப்பது. முதலில் சேமிப்பை அதன் வழியாகக் கணினியில் நகல் எடுக்க வேண்டும். பிறகு பின்பக்கத் திருகைக் கழற்ற வேண்டும். அதற்குச் சாதாரணத் திருப்புளி பொருந்தாது, 3.8 மில்லிமீட்டர் அளவில் குழாய் போன்ற தனி முனை வேண்டும். உள்ளே பலகையில் பேட்டரியின் இரண்டு தகட்டுக் கால்களும் ஈயத்தால் பற்றவைக்கப்பட்டிருக்கும். சூட்டைக் காட்டி, ஈயம் பளபளவென்று இளகும்போது காலைத் தூக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் பலகையின் செம்புக் கோடும் கூடவே உரிந்து வரும். கால் வைத்த புதிய பேட்டரியைப் பற்றவைத்த பிறகு, நகலைத் திரும்பக் கேசட்டில் எழுத வேண்டும். டேப் ஒட்டி வைக்கிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். கேசட் கீழே விழுந்து பேட்டரி ஒருமுறை அசைந்தால் எல்லாம் போய்விடும்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2009-இல் ஒரு பையன் இதே கேசட்டை என்னிடம் கொடுத்தான். கடிகாரம் நின்று போகிறது என்றான். சேமிப்பு வேண்டுமா என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அழகாகப் பற்றவைத்து, சுத்தம் செய்து, போட்டுக் காட்டினேன். 'புதிய ஆட்டம்' என்று மட்டும் திரையில் வந்தது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. கேசட்டை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மூன்று படியும் இறங்கிப் போனான். என்னிடம் காசு கொடுக்க மறந்ததைப் பாதித் தெருவில் நினைத்துக்கொண்டு திரும்பி வந்து கொடுத்துவிட்டுப் போனான். அந்தக் காசை நான் வாங்கியிருக்கக் கூடாது.

*

கேள்வி: ஐயா, 2003-இல் வந்த 'ஃபைனல் ஃபேன்டசி டாக்டிக்ஸ் அட்வான்ஸ்' ஆட்டத்தை முடித்துவிட்டேன். பனி பெய்யும் ஓர் ஊரில் பிள்ளைகள் ஒரு பழைய புத்தகத்தைத் திறக்கிறார்கள், ஊரே இவாலிஸ் என்ற மாய உலகமாகிவிடுகிறது. தாயை இழந்த மியூட்டுக்கு அங்கே தாய் இருக்கிறாள். தன் தலைமுடிக்காகக் கூசிய ரிட்ஸுக்கு அங்கே அவள் விரும்பிய நிறம். சக்கர நாற்காலியில் இருந்த டோனெட் அங்கே நடக்கிறான். அவனுடைய சொந்த அண்ணன் மார்ஷ் அந்த உலகத்தை உடைத்து எல்லோரையும் பழைய ஊருக்கு இழுத்துப் போகிறான். உங்களைப் போன்றவர்கள் அவனை நாயகன் என்று எழுதுகிறீர்கள். எனக்கு அவன் வில்லன். எட்டு வருடமாக நானும் சக்கர நாற்காலியில் இருக்கிறேன். மேரி வர்கீஸ் அம்மாவின் கதையைச் சொல்லித் தேற்றிவிடாதீர்கள். அவர் உருவாக்கிய மையத்தில்தான் இரண்டு மாதம் இருந்தேன், எனக்கு நன்றாகத் தெரியும். மார்ஷ் செய்தது சரியா? பின்குறிப்பு: என் அட்வான்ஸ் எஸ்.பி. கருவியில் இடது தோள் பொத்தான் அழுந்தவில்லை. உங்கள் கடை வாசலில் மூன்று படிகள் இருப்பதாகத் தம்பி சொன்னான். அவனிடம் கொடுத்து அனுப்பட்டுமா?
— பெயர் வேண்டாம், பாகாயம்

பதில்: தேற்ற மாட்டேன். மற்ற வாசகர்களுக்காக மட்டும் இரண்டு வரி: 1954-இல் ஒரு விபத்தில் இடுப்புக்குக் கீழே இயக்கத்தை இழந்த பிறகு, உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தவர் மருத்துவர் மேரி வர்கீஸ். பாகாயத்தில் 1966-இல் தொடங்கிய மறுவாழ்வு மையம் அவர் உழைப்பில் எழுந்தது. அது அவருடைய வாழ்க்கை. அதை எடுத்து இன்னொருவர் மேல் சுமத்த எனக்கு உரிமை இல்லை.

நான் இந்த ஆட்டத்தை 2004-இல் முடித்தேன். அப்போது முழுக்க மார்ஷின் பக்கம் நின்றேன். பொய்யான இடம் எவ்வளவு இனிப்பாக இருந்தாலும் பொய்தானே என்று நினைத்தேன். சென்ற ஆண்டு இந்தப் பக்கத்தில் அப்படித்தான் எழுதினேன். உங்கள் கடிதம் வந்த பிறகு புதிதாகத் தொடங்கி, இரண்டு வாரம் இரவில் கடையை மூடிய பிறகு விளையாடி, டோனெட்டும் மார்ஷும் எதிரெதிரே நிற்கும் இடம் வரை வந்தேன். அங்கே மார்ஷ் ஒன்றை ஒப்புக்கொள்கிறான்: அம்மா எப்போதும் டோனெட்டையே கவனித்தாள், தனக்குப் பொறாமையாக இருந்தது என்கிறான். இருபது வருடத்துக்கு முன் அதைப் படித்தபோது நேர்மையான பையன் என்று நினைத்தேன். இப்போது படித்தபோது வேறொன்று தெரிந்தது. அவன் டோனெட்டிடம் எல்லாவற்றையும் சொல்கிறான்; உனக்கு வர விருப்பமா என்று மட்டும் கேட்கவில்லை.

கர்ணனிடம் கேட்டார்கள். கிருஷ்ணன் வந்து கேட்டான், குந்தி வந்து கேட்டாள், பாண்டவர் பக்கம் வந்துவிடு என்று. வர மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு ஓர் இரவு முழுக்க இடம் கொடுத்தது நம் கூத்து. டோனெட்டுக்கு அந்த இடமே இல்லை. விளையாடுகிற நமக்கும் இல்லை. அந்த ஆட்டத்தில் 300 பணிகள் இருக்கின்றன, பூ பறித்துக் கொடுப்பதிலிருந்து அரண்மனைக்குள் நுழைவது வரை. 'நான் இங்கேயே இருக்கிறேன்' என்று சொல்லும் பணி அவற்றில் ஒன்றுகூட இல்லை. கதையை முடிக்க வேண்டுமானால் படிகக் கற்களை நம் விரலால்தான் உடைத்தாக வேண்டும். மார்ஷ் செய்தது சரி என்று சென்ற ஆண்டு நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். கேட்காமல் செய்தது தவறு.

வில்லன் என்பதை மட்டும் ஏற்க முடியவில்லை, ஏன் என்று சொல்லிவிடுகிறேன். அவனும் இழக்கிறான். பழைய ஊரில் அவன் புதிதாக வந்து சேர்ந்த பையன், ஒட்டாதவன். இவாலிஸில்தான் முதல் நாளே மோன்ட்பிளாங் என்ற நண்பன் கிடைத்தான், ஒரு கூட்டம் கிடைத்தது, பெயர் கிடைத்தது. அதையும் சேர்த்தே உடைக்கிறான். தனக்கு ஒன்றுமில்லாத உலகத்தை உடைத்திருந்தால் நீங்கள் சொன்ன சொல்லை நானும் சொல்லியிருப்பேன். இதற்கு உங்களிடம் பதில் இருக்கும் என்று நினைக்கிறேன். எழுதுங்கள், வெட்டாமல் அப்படியே போடுகிறேன்.

நான் இரண்டாம் முறை தொடங்கிய ஆட்டம் கடைசிப் பணிக்கு முன்னால் நிற்கிறது. முடிக்கவில்லை.

தோள் பொத்தான் சிறிய வேலை. எஸ்.பி. கருவிகளில் அடிக்கடி போவது அதுதான். உள்ளே இருக்கும் சின்ன சுவிட்சை மாற்றிப் பற்றவைத்தால் சரியாகிவிடும், அரை மணி நேரம். தம்பியிடம் கொடுத்து அனுப்பலாம். நீங்களே வருவதானாலும் வரலாம். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்று சாய்தளக் கணக்கு சொல்கிறது. என் மூன்று படிகளும் சேர்ந்து ஒன்றரை அடி, ஆக 18 அடி. எங்கள் சந்தின் அகலத்துக்கு அது நேராக இறங்காது. பக்கத்து நோட்டுப் புத்தகக் கடைக்காரர் தன் வாசலையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். அவர் சுவரை ஒட்டியே இறக்கியிருக்கிறோம். அவர் கடைக்குள்ளும் இப்போது சக்கரம் போகும். கொத்தனார் நேற்று மாலை பூசி முடித்தார், வழுக்காமல் இருக்கத் தென்னந்துடைப்பத்தால் குறுக்கே கோடு இழுத்திருக்கிறார். நாள்தோறும் மூன்று முறை தண்ணீர் ஊற்றுகிறேன். இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது காய்ந்திருக்கும். வெள்ளிக்கிழமை கடை விடுமுறை.